நுரை இல்லாத முதல் கிளாஸ்

இல்ல சார், உள்ள இருக்கற அந்தச் சின்ன ஃபேன் மட்டும் கெடையாது. ஃபிரிட்ஜை எடுத்துக்கோங்க. பீப்பா ரெண்டு இருக்கு, எடுத்துக்கோங்க. சோடா கேஸ் சிலிண்டர், குழாய், பீர் டியூப், கிளாஸ் கழுவுற பிரஷ், எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்க. ஃபேனை மட்டும் நான் கழட்டிக்கறேன். நாலே நாலு ஸ்க்ரூ. நாலு மணிக்குள்ள இந்தச் சனியன் இந்த வீட்டை விட்டுப் போயிருக்கணும், அவ்வளவுதான் எனக்கு. இப்ப மணி என்ன? ரெண்டே முக்காலா? பரவால்ல, நேரம் இருக்கு.

விளம்பரத்துல என்ன போட்டிருக்குன்னு எனக்கும் தெரியும் சார். மொதல் கிளாஸ்லகூட நுரை வராதுன்னு போட்டிருக்கு. எழுதினவளே நான்தானே. அப்படி எழுதலைன்னா நீங்க ஆப்பிள்டன்லேருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வருவீங்களா? விஸ்கான்சின்ல வீட்டுக்கு ஒரு பீர் பீப்பா ஃபிரிட்ஜ் கெடக்கு, உள்ள பீப்பா, மேல குழாய். எல்லாம் நுரை கக்குறதுங்க. நுரை கக்காத ஒண்ணு இருக்குன்னு சொன்னாத்தான் ஜனங்க போனை எடுக்கறாங்க.

போன்ல பேசினது யாரா? எங்கப்பா. லைல்.

இல்ல... சரி. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. அதுவும் நான்தான். கேளுங்க: ஆமாம்ப்பா, லைல்தான் பேசறேன். சனிக்கெழமை மத்தியானமா வந்துடு. ஆளு யாரும் வேணாம், என் பொண்ணு ரோமி இருக்கா, காளைமாடு மாதிரி, ஒரு பக்கம் புடிப்பா. எப்பிடி? நீங்ககூட தொண்டை கட்டியிருக்கா, வெந்நி குடிங்கன்னு சொன்னீங்களே. சிரிப்பை அடக்க நான் தலகாணியைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்ல பேசி, வெள்ளிக்கெழமை எல்லாரும் பைஜாமாவோட வாங்கன்னு சொல்லி, நானூறு பேரு வந்து நின்னாங்க. ஹெட்மாஸ்டர் மட்டும் கோட்டு சூட்டுல வந்தாரு பாவம். மூணு நாள் என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அட, உக்காருங்க சார். படியேறி எங்க போறீங்க? இந்தச் சின்னப் பொய்க்குப் போயி கோவிச்சுக்கிட்டு! ஃபிரிட்ஜ் பொய்யில்லையே. கண்ணு முன்னாடி நிக்குதே.

அப்பா எங்கயா? குடியை நிறுத்தற எடத்துல இருக்காரு. இருபத்தெட்டு நாள். இன்னிக்குத்தான் கடைசி நாள். அம்மா கூட்டிக்கிட்டு வரப் போயிருக்காங்க. நாலு மணிக்கு வந்துடுவாங்க. வர்ற வழியில அப்பாவுக்கு ஒரு பர்கர் வாங்கிக் குடுத்தா நாலேகால் ஆகலாம், அதை நம்பாதீங்க.

யாரையும் ஒண்ணும் பண்ணலை சார், பயப்படாதீங்க. படகுக்குத்தான் அடி. ரோட்டோரமா ஒரு டிரெயிலர்ல படகு நின்னுது, குடிச்சுட்டு வண்டியைக் கொண்டுபோயி அதுல இடிச்சாரு. படகு எறங்கி ஒருத்தரோட பூசணித் தோட்டத்துல போயி உக்காந்துக்கிச்சு. ஏரி அங்கேருந்து ரெண்டு மைல். ஜட்ஜ் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்கிவிட்டுட்டு சொன்னாங்க: மிஸ்டர் ப்ரூகமன், இந்த ஊர்ல குடிக்காதவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதுக்காகத் தண்ணியில ஓட்ட வேண்டிய படகைத் தரையில ஓட்டலாமா? கோர்ட்டே சிரிச்சுது. அப்பாவும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்னு வெச்சுக்கோங்க. அம்மா மட்டும் கைப்பையோட வாயை மூடி மூடித் தொறந்துக்கிட்டு இருந்தாங்க.

அம்மாவுக்குத் தெரியாது. இல்ல சார், விக்கறது அம்மாவுக்குத் தெரியாது. அந்த எடத்துல ஒரு கவுன்சலர் இருக்காரு. பஞ்சுல சுத்தின குரல். அம்மாகிட்ட சொல்றாரு: ஜோலீன்... வீட்ல இருக்கற எதையும் நீங்க ஒளிக்காதீங்க... லைல் தன் கையாலயே அதை அகற்றணும்... அது அவரோட பயணம். பயணமாம்! இவரு என்னமோ பஸ்ல டிக்கெட் போட்டுக் குடுத்த மாதிரி. அம்மா அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு, எதையும் தொடாதே ரோமி, அப்பா வந்து அவரே பண்ணட்டும்னாங்க. பீரை மட்டும் ஊத்திக் கொட்டினாங்க. ரெண்டு பீப்பா. தெருவே ஒரு வாரம் ரொட்டி ஊறப்போட்ட மாதிரி நாறிச்சு.

அந்தக் கவுன்சலர் எங்கப்பாவைப் பாத்தது இருபத்தெட்டு நாள். நான் பதினேழு வருஷமா பாக்கறேன். அவரு வருவாரு, இது முன்னாடி நிப்பாரு, தடவிக் குடுப்பாரு, சும்மா கேஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கறேம்பாரு. அப்புறம்? அப்புறம் என்ன, நீங்களே சொல்லுங்க.

இது யாரு பேர்ல இருக்குன்னா கேக்கறீங்க? ஃபிரிட்ஜுக்கு என்ன பட்டாவா சிட்டாவா? பணத்தை நான் தொட மாட்டேன். அம்மாவோட காப்பி டப்பாவுல போட்டு வெச்சிடுவேன். திட்டு வாங்கறது என் பாடு. நீங்க சாமானைப் பாருங்க.

இந்தாங்க, கையை உள்ள விட்டுப் பாருங்க. இல்ல, கீழ. அடியில. ஜில்லுன்னு இருக்கா? இப்ப மேல, கூரைக்கிட்ட கொண்டாங்க. அங்கயும் ஜில்லுன்னு இருக்கா? இப்ப வெளியில, இந்தக் குழாய்த் தூணைத் தொடுங்க. பாத்தீங்களா! தூணே வேர்க்குது பாருங்க. இதுதான் சார் வித்தை. உங்க வீட்ல இருக்கறதுல அடி மட்டும் ஜில்லுன்னு இருக்கும், மேல வெதுவெதுன்னு இருக்கும், தூணு இந்த ரூம் சூட்டுல நிக்கும். சரியா? எப்பிடிச் சொன்னேன்? எல்லாரு வீட்லயும் அப்பிடித்தான் சார். குளிர்ந்த காத்து கனமானது. அது பாட்டுக்கு அடியில போயி படுத்துக்கும், எழுப்பினாத்தான் எழுந்திருக்கும். பீப்பாவுல இருக்கற பீர் ஐஸ் ஆகறதுக்குக் கொஞ்சம் மேல அழகா இருக்கும். அது டியூப் வழியா ஏறி இந்தச் சூடான தூணுக்குள்ள நொழைஞ்ச ஒடனே அதுல கரைஞ்சிருக்கற கேஸெல்லாம் பயந்து வெளிய ஓடும். கிளாஸைப் புடிச்சீங்கன்னா முக்கால் கிளாஸ் சவரம் பண்ற சோப்பு.

இருங்க, ஒரு கிளாஸ் புடிச்சுக் காட்றேன். பீர் இல்ல சார், ரூட் பியர். அதாங்க, சின்னப் புள்ளைங்க குடிக்கற இனிப்புச் சோடா. பீரைவிட அதிகமா நுரைக்கிற ஜாதி. நேத்து நானே கலக்கி ஏத்தி வெச்சேன், உங்களுக்குக் காட்டத்தான். காலையிலேருந்து குழாயைத் தொடலை, சத்தியமா. இப்ப பாருங்க... சாய்ச்சுப் புடிச்சு... மெதுவா நிமித்தி... இந்தா. ஒரு விரல் நுரை. மொதல் கிளாஸ்! குடிச்சுப் பாருங்க. மீசையில ஒட்டிக்கிச்சு, தொடச்சுக்கோங்க.

நல்லாயிருக்கு இல்ல? ஆமா. நல்லாத்தான் இருக்கும்.

யாரு பண்ணினதா? அதை ஏன் கேக்கறீங்க. அப்பா மூணு வருஷம் மல்லுக்கட்டினாரு. மொதல் ஃபிரிட்ஜை அவரே கொன்னாரு, தெரியுமா? தூணை நிக்க வைக்க மேல ஓட்டை போடணுமில்ல. பெரிய டிரில்லை எடுத்துக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, ரோமி, தள்ளி நில்லு, இது பெரியவங்க வேலைன்னு ஒரே அழுத்து. புஸ்ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். குளிர் போற குழாய்லேயே கரெக்டா போட்டாரு. எவ்வளவோ எடம் இருக்க, முடி கனத்துக்கு ஒரு குழாய் ஓடுது, அதுலேயே! ஃபிரிட்ஜ் அங்கயே செத்துப்போச்சு. அப்பா அது மேல கையை வெச்சுக்கிட்டு, துடிப்பு இருக்கான்னு பாக்கற டாக்டர் மாதிரி நின்னாரு.

ரெண்டாவதுக்கு உஷாராயிட்டாரு. அவங்க பீர் காய்ச்சற சங்கத்துல ஒரு வழி சொல்லிக் குடுத்தாங்க. சோள மாவைச் சாராயத்துல கொழைச்சு மேல பூசணும். அடியில சூடான குழாய் எங்க ஓடுதோ அங்க மட்டும் மொதல்ல காஞ்சு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைத் தவிர்த்துட்டு ஓட்டை போட்டா பொழைச்சுக்கலாம். சாராயம் இல்லைன்னு அப்பா கிறிஸ்துமஸ் பிராந்தியை எடுத்துக் கொழைச்சாரு. கொழைக்கறதுக்கு அரை டம்ளர், கொழைக்கற ஆளுக்கு ரெண்டு டம்ளர். ஆனா ஓட்டை சரியா விழுந்துச்சு. இதோ, நிக்குதே.

அப்புறம்தான் நுரை. நுரை வந்தா என்ன பண்ணுவாங்க? எல்லாரும் பண்ற அதே முட்டாள்தனம். இன்னும் குளிரை ஏத்துன்னு திருகுவாங்க. ஏத்தினா அடி பீப்பா கஞ்சி மாதிரி உறையுது, தூணு அப்பிடியே சூடா நிக்குது. கேஸைக் கொறைச்சுப் பாத்தாரு. பீர் சப்புன்னு போச்சு, நுரையும் போகலை. வேட்டைக்குப் போட்டுக்கற கம்பளிக் காலுறையைத் தூணுக்கு மாட்டினாரு. கழட்டித் தொவைக்காத காலுறை சார்! குழாயில வாயை வெச்சா செத்த மானோட வாசனை.

அவங்க சங்கத் தலைவரு ஆர்வின்னு ஒருத்தரு. க்ர்ஹூம்... க்ர்ஹூம்... லைல், செம்புக் குழாய் போடு லைல், செம்புதான் குளிரைக் கடத்தும், எங்க தாத்தா காலத்துலேயே... க்ர்ஹூம். அந்த மனுஷன் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நாம சோறு தின்னு கை கழுவிட்டு வந்துடலாம். அப்பா செம்புக் குழாயும் போட்டாரு. நுரை ரெண்டு விரல் கொறைஞ்சுது. மிச்சம் ஆறு விரல் அப்பிடியே.

உங்க ஊர் சங்கத்துல தொப்பி உண்டா? கெடையாதா? எங்க ஊர்ல உண்டு. மாசம் ஒருத்தர் வீட்ல கூடுவாங்க. வீட்டுக்காரரு வந்தவங்க கண்ணு முன்னாடி மொதல் கிளாஸைப் புடிக்கணும். ரெண்டு விரலுக்கு மேல நுரை வந்தா, வெள்ளாட்டுக் கொம்பு வெச்ச ஒரு தொப்பி இருக்கு, அதை அன்னிக்குப் பூரா அவரு போட்டுக்கணும். கக்கூஸுக்குப் போனாலும் கழட்டக் கூடாது. அது போதாதுன்னு யாரு பேசினாலும் அவரு மே-ன்னு கத்திட்டுத்தான் பதில் சொல்லணும். எங்கப்பா மூணு வருஷம் ஆடா இருந்தாரு சார். ஆர்வின் கேப்பாரு: க்ர்ஹூம், லைல், பிராட்வர்ஸ்ட் சாசேஜ் வெந்துடுச்சா? அப்பா: மே... இன்னும் அஞ்சு நிமிஷம். எல்லாரும் உருண்டு பொரண்டு சிரிப்பாங்க. அப்பாவும் சிரிப்பாரு. நான் அந்த மேவை அச்சா அவரை மாதிரியே கத்திக் காட்டுவேன். சங்கத்துல எனக்குக் கைதட்டல் வேற.

போன வருஷம் நவம்பர்ல எங்க வீட்டு மொறை. முடிஞ்சு எல்லாரும் போனதுக்கப்புறம் நான் இந்த நெலவறைக்கு எறங்கி வந்தேன். அப்பா தொப்பியைக் கழட்டாம இந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. யாருமே இல்ல, அப்பவும் கழட்டலை. நான் மே-ன்னேன். வழக்கமா திருப்பிக் கத்துவாரு. அன்னிக்கு என்னை நிமிந்து பாத்துட்டு, போதும் குட்டின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரின்னு நான் எறங்கினேன். ஆமா, நான்தான். ஏன், நம்ப முடியலையா? பொம்பளைப் புள்ள ஸ்க்ரூ டிரைவர் புடிக்கக் கூடாதா? ஒரு தெர்மாமீட்டரை வெச்சு அடி, நடு, மேல, தூணுன்னு நாலு எடத்துல பாத்தேன். அடிக்கும் தூணுக்கும் பதினேழு டிகிரி வித்தியாசம். அட, இதுக்கு எதுக்குக் குளிரை ஏத்தணும், இருக்கற குளிரை எழுப்பி மேல அனுப்பினா போதாதான்னு தோணுச்சு. என் பழைய கம்ப்யூட்டர்லேருந்து இந்தச் சின்ன ஃபேனை உருவினேன். சீஸ் கட்டி வர்ற பிளாஸ்டிக் டப்பாவுல ஓட்டை போட்டு அதுல மாட்டினேன். டப்பாவை அடியில வெச்சேன். அதுலேருந்து தூணு உச்சிக்கு ஒரு டியூப் போகணும், வளையணும், நசுங்கக் கூடாது. என்னத்தைப் போட்டேன் தெரியுமா? அப்பா குறட்டைக்கு மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்குவாரே ஒரு மெஷின், அதோட பழைய டியூப்! இதோ இதுதான். கழுவிட்டேன் சார், மொகத்தை அப்பிடிச் சுளிக்காதீங்க. நீங்க குடிச்ச சோடா இதுக்குள்ள வரலை, காத்துதான் வருது.

மொத வாரம் வேலை செய்யலை. ஏன்னா நானும் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். குளிர் வெளிய போயிடுமேன்னு டியூபைச் சுத்தி இருந்த சந்து பொந்தையெல்லாம் துணியை வெச்சு இறுக்கமா அடைச்சுட்டேன். காத்து மேல போகுது, திரும்பிக் கீழ வர எடமில்ல. அப்ப எப்பிடி ஓடும்? ஃபேன் சும்மா முக்கிக்கிட்டு நிக்குது. துணியை உருவினேன் பாருங்க, பத்து நிமிஷத்துல தூணு ஜில்லு. குளிரை அளக்கற கம்பி சும்மா காத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, கதவைத் தொறக்கறப்பெல்லாம் ஏமாந்து மோட்டாரைப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அதை எடுத்துப் பீப்பா ஒடம்போட சேத்து டேப் போட்டு ஒட்டி, மேல ஒரு பஞ்சு வெச்சேன். உள்ள வேர்க்காம இருக்க ஈரம் இழுக்கற உப்பு டப்பா ஒண்ணு. முடிஞ்சுது. பதினேழு டிகிரி வித்தியாசம் ரெண்டு டிகிரிக்கு வந்துடுச்சு.

ஜூன்ல அப்பாக்கள் தினம் வரும்ல, அன்னிக்கு அவரு கண்ணைக் கட்டி இங்க கூட்டிக்கிட்டு வந்தேன். புடிங்கன்னேன். ஆர்வின் குரல்ல: க்ர்ஹூம், லைல், மொதல் கிளாஸைப் புடி லைல். கண்கட்டோடயே புடிச்சாரு. அவிழ்த்துப் பாத்தாரு. ஒரு விரல் நுரை. சார், எங்கப்பா அழுது நான் பாத்ததில்ல. பாட்டி செத்தப்பகூட மூக்கைத்தான் சிந்தினாரு. அன்னிக்கு அழுதாரு. தலையில கையை வெச்சு, நீ எனக்குன்னு பொறந்த இன்ஜினியருடின்னாரு. ஜூலை கூட்டத்தை அடம் புடிச்சு எங்க வீட்லயே வெச்சாரு. ஆர்வின் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. க்ர்ஹூம்கூட வரலை. அன்னிக்குத் தொப்பியை ஆர்வின் தலையிலேயே மாட்டிவிட்டாரு அப்பா.

அதான் சார் கதை. போதுமா? ஸ்க்ரூ ஒண்ணு கழட்டிட்டேன், மூணு இருக்கு.

இல்ல. அதுக்குத் தனியா காசு குடுத்தாலும் இல்ல. எனக்குக் கம்ப்யூட்டருக்கு வேணும்... சரி, அது பழசுதான், வேணாம்தான். டியூப் அப்பாவுக்குத் திரும்ப வேணும், குறட்டைக்கு. அட, அவருக்குப் புதுசு வந்துடுச்சுன்னு நானே இப்பத்தானே சொன்னேன், இல்ல? பழைய டியூப்னு சொன்னேன், ஆமா. நீங்க நல்லா கவனிச்சுக் கேக்கறீங்க சார். வக்கீலா நீங்க? பல் டாக்டரா! அதான் வாயைப் புடுங்கறீங்க.

ஃபேன் இல்லாம வேணாமா? விளையாடாதீங்க சார். மணி மூணரை ஆகப் போகுது. இன்னொரு ஆளை நான் எங்க போயி தேடுவேன்? வெலையில வேணா கொறைச்சுக்கறேன். பாதி குடுங்க. கால்வாசி குடுங்க. சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க சார், அவரு காரை விட்டு எறங்கறப்ப இந்த எடம் காலியா இருந்தாப் போதும். ஃபேனை மட்டும் கேக்காதீங்க.

ஆமா, கடையில ஒண்ணு வாங்கி நீங்களே மாட்டிக்கலாம்தான். எப்பிடின்னு நானே வாயைத் தொறந்து வகுப்பு எடுத்துட்டேனே. காத்து திரும்பி வர்ற சந்தோட சேத்து. இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது.

அந்தச் சின்ன ஜன்னல்ல தெரியுதே, வண்டியில உக்காந்திருக்கறது உங்க வீட்டம்மாவா? எறங்கி வரலையே. கோவமா? ஓ, பின்னாடி புள்ளைங்க தூங்குதா. எத்தனை? ரெண்டா. சின்னதுக்கு என்ன வயசு? ஆறு.

ஆறு.

நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் குடிப்பீங்க சார்? தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மூணு. ஆமா, எங்கப்பாவும் அவ்வளவுதான். நுரையோட இருந்த வரைக்கும் மூணுதான். நீங்க நெனைக்கற மாதிரி அவரு அப்ப குடிகாரரு இல்ல. உருளைக்கெழங்கு மாதிரி ஒரு சாதாரண ஆளு. நகராட்சி வண்டியில பனி தள்ளுவாரு, சாயங்காலம் வருவாரு, பூட்ஸைக் கழட்டிட்டு நேரா இங்க எறங்குவாரு. கிளாஸைப் புடிப்பாரு, முக்கால்வாசி நுரை வரும். கொட்ட மனசு வராது அவருக்கு. ஒரு சொட்டு வீணாக்க மாட்டாரு. இங்க வெச்சா வழியும், கீழ தொட்டி இல்ல, தரையெல்லாம் பிசுபிசுக்கும், அம்மா கத்துவாங்க. அதனால என்ன பண்ணுவாரு, கிளாஸைத் தூக்கிக்கிட்டு மேல சமையல்கட்டுக்கு ஓடியாந்து, பாத்திரம் கழுவற தொட்டியில வெச்சிடுவாரு. நுரை அடங்க கால் மணி நேரம் ஆகும். அது வரைக்கும் மனுஷன் சும்மா நிக்கணுமே. அம்மாகிட்டேருந்து கத்தியைப் புடுங்கி வெங்காயம் நறுக்குவாரு. எங்கூட ஒரு ஆட்டம் சீட்டு போடுவாரு, ஏமாத்துவாரு. பள்ளிக்கூடத்துல இன்னிக்கு யாரு குரலைத் திருடினே, பேசிக் காட்டுடின்னு கேப்பாரு. எனக்கு இந்த வித்தையெல்லாம் வந்ததே அங்கதான் சார், அந்தக் கால் மணி நேரத்துல அவரைச் சிரிக்க வெக்கத்தான். நுரை அடங்கும், நின்னுக்கிட்டே குடிப்பாரு, அடுத்ததைப் புடிக்கக் கீழ எறங்குவாரு. அதுக்குள்ள தூணு மறுபடி சூடாயிருக்கும். மறுபடி நுரை. மறுபடி மேல ஓடியாருவாரு. ஒரு சாயங்காலத்துக்கு மூணு கால் மணி நேரம். இப்பிடியே போச்சு.

அப்பாக்கள் தினத்துக்கு மறுநாள் சாயங்காலம் நான் சீட்டுக் கட்டைக் கலைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். குழாய் தொறக்கற சத்தம் கேட்டுச்சு. மூடற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தொறக்கற சத்தம் கேட்டுச்சு. ஆளு வரலை. மேல வர்றதுக்கு அவருக்கு வேலை இல்ல சார். கிளாஸ் அங்கயே ரெடியா இருக்கு. அவரு என்ன, வேணும்னா பண்ணினாரு? அவருக்கே தெரியாது. இப்பவும் தெரியாது. அந்தக் கவுன்சலர் நோட்டுப் புத்தகம் நெறைய காரணம் எழுதியிருக்காரு, அப்பாவோட அப்பா, அப்பாவோட முதுகு வலி, வேலை அலுப்புன்னு. இதை யாரும் எழுதலை. நான் சொல்லலை.

அதான் சார். அதுக்குத்தான் ஃபேன் இல்ல. நீங்க ஊருக்குப் போயி வேற ஒண்ணை மாட்டினீங்கன்னா அது உங்க இஷ்டம், நான் வந்து பாக்கப் போறதில்ல. என் கையால குடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

சரியா? எடுத்துக்கறீங்களா? நுரையோடவா? நல்லது. இந்தா, கடைசி ஸ்க்ரூவும் வந்துடுச்சு. அந்தப் பக்கம் புடிங்க. தூணைப் புடிச்சுத் தூக்காதீங்க, அடியில கையைக் குடுங்க. மேல ஏற மொத்தம் பதிமூணு படி. எங்கப்பா ஒரு சாயங்காலத்துக்கு மூணு தடவை இதுல ஏறுவாரு, கையில கிளாஸ் வழிஞ்சுக்கிட்டு. நான் சரி பண்ணினதுக்கப்புறம் ஒரே தடவைதான் ஏறினாரு, தூங்கறதுக்கு. நீங்க முன்னாடி போங்க சார், கனம் என் பக்கம் இருக்கட்டும்.